சிவப்பு என்றால் பச்சை

என் தொழிலில் பச்சை சிவப்பாக இருக்கும். இதை வகுப்பறையில் சொன்னால் மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். கல்யாணப் பந்தியில் சொன்னால் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். கழுத்தில் வெட்டரிவாளை வைத்திருக்கிற ஒருவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குப் பங்குனி மாத வெயிலில் ஒரு வரப்பின் மேல் தெரியவந்தது.

விஷயம் இதுதான். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள், நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியையும் சேர்த்துப் படம் பிடிக்கும். உயிருள்ள இலை அந்த ஒளியை வாரித் திருப்பி எறியும். வெறும் மண் அவ்வளவு எறியாது. கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட ஏதாவது ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும் அல்லவா? இந்தத் தொழிலின் முன்னோர்கள் சிவப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் படத்தில் பச்சை அடர அடரச் சிவப்பு ஏறும். உழுது போட்ட நிலம் சாம்பலும் நீலமுமாகக் கிடக்கும். முன்னோர்களில் யாருக்கும் சங்கரன்கோவில் பக்கம் பெண் கொடுத்து வாங்கிய பழக்கமில்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் வேறு நிறம் யோசித்திருப்பார்கள்.

விசைத்தறிகள் ஓடுகிற தெரு ஒன்றில் மாடியறையில் உட்கார்ந்து, பல வருஷத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, எங்கே பச்சை கூடியது, எங்கே செத்தது என்று வரைபடம் போடுவது என் பிழைப்பு. மேலிருந்து பார்த்தால் பூமி அமைதியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அமைதியாவது ஒன்றாவது. போன படத்தில் வரிசையாக நின்ற பனைகள் இந்தப் படத்தில் இருக்காது; ஜேசிபி வேரோடு பிடுங்கிய குழிகள் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். தீ வைத்த இடம் சூடு போட்டது போலக் கருகிக் கிடக்கும். ஒரு குளத்தின் கழுத்தைச் சீமைக்கருவேலம் கரையிலிருந்து நெரித்துக்கொண்டே போய் நடுவில் சந்திக்கும். நான் இதையெல்லாம் முறுக்கு தின்றுகொண்டே பார்ப்பேன். எழுநூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து பார்க்கிறவரை என்னைப் போல் தைரியசாலி கிடையாது. சிக்கல், கீழே இறங்கும்போதுதான்.

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு இரண்டும் நடக்கும். போதாததற்கு வாயில் வேடிக்கைப் பேச்சும் வந்துவிடும். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் வாசலில் வைத்தே எச்சரிப்பாள்: "உள்ள வந்து வாயத் தெறந்தீங்க, நான் உங்க கூட வரல. வேற யாரோன்னு சொல்லிருவேன்."

அந்தப் பங்குனியில் தரைச் சோதனைக்குப் போனேன். படத்தில் சிவப்பாகத் தெரிகிற இடத்தில் உண்மையில் என்ன முளைத்திருக்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பதற்கு அப்படி ஒரு பெயர். மழைக்காலத்தில் போனால் எல்லாமே பச்சை. பயிரையும் களையையும் பிரிக்க முடியாது. கோடையில் இந்த மானாவாரி பூமி மொட்டையாகிவிடும். அப்போதும் பச்சையாக நிற்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். எந்தெந்த இடத்தைப் பார்ப்பது என்று கணினியே கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைத்துத் தரும். அதற்கு ஊர் தெரியாது, உறவு தெரியாது, பங்காளிச் சண்டை தெரியாது. இளையரசனேந்தல் போகிற வழியில், குருவிகுளம் ஒன்றியத்து ஊர் ஒன்றில், ஓர் அண்ணன் தம்பியின் நிலத்துக்கு நடுவே, சரியாக வரப்பின் மேல் கொண்டுபோய் ஒரு புள்ளியை வைத்திருந்தது.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்காரர் தன் செவல் நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள், வாய் ஓயாத ஆள். வரப்புக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் சுவர் போல நின்றது. அதன் உள்ளேயிருந்து யாரோ அரிவாளால் கொத்துகிற சத்தம், கறிக்கடைச் சத்தம் போல, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, கரண்டுக் காத்தாடி நட எடம் பாக்க வந்தீரா?"

"இல்லண்ணாச்சி. எங்கெங்க மரஞ்செடி கூடியிருக்குன்னு படம் போடுதோம்."

"மரமா? இங்கன முள்ளுல்லா கெடக்கு. எல்லாம் எங்க அண்ணன் போட்ட வெள்ளாம. உள்ளதான் அறுவடை பண்ணிக்கிட்டிருக்காரு, கரிமூட்டம் போட."

கேட்காமலேயே கதையைச் சொன்னார். அப்பா சாகும் முன் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். மூத்தவருக்குக் கரிசல், இளையவருக்குச் செவல். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு சொல்லும் வெறும் நிறம் இல்லை. கரிசல், ஒரு நல்ல மழையைக் குடித்துவிட்டு மாசக்கணக்கில் பயிரைக் காப்பாற்றும் மண். செவல் என்கிற செம்மண், குடித்த கையோடு இன்னொரு மழை கேட்கும். கரிசல்காரன் வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். செவல்காரன் வீட்டுக்கு இரண்டு தடவை விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட கரிசலை அண்ணன் தரிசாகப் போட்டு முள்ளுக்குக் கொடுத்துவிட்டார் என்பது தம்பியின் வழக்கு. பாதியைத் தனக்கு எழுதித் தரவேண்டும் என்று கேட்டுப் பார்த்துவிட்டார், சண்டை போட்டுப் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்கள் கூடி முடிவு சொல்லப்போகிறார்கள். ஒரு பிடி மண்ணைக் கேட்டாலும் தம்பியை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போவேன் என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

"அவரு வெட்டுவாருங்கீரா?" என்றேன், சத்தம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே.

"நல்லாவே வெட்டுவாரு. கைப்பழக்கம் உண்டு" என்று சிரித்துக்கொண்டே, என் கையிலிருந்த வரைபடத்தை எட்டிப் பிடுங்கினார்.

இப்போது அந்தப் படத்தில் அவர் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். வரப்புக்கு அந்தப் பக்கம், முள் அடர்ந்த கரிசல், செக்கச்செவேல் என்று இருக்கிறது. இந்தப் பக்கம், உழுது போட்ட செவல், நீலம் பாரித்துக் கிடக்கிறது. கிணற்றைக் கண்டுபிடித்தார், வண்டிப்பாதையைக் கண்டுபிடித்தார். பிறகு முகம் அப்படியே மலர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வரப்பில் ஏறி நின்று கத்த ஆரம்பித்தார்.

"ஏ அண்ணே! மேல இருந்து ராக்கெட்டுக்காரன் பாத்துட்டான்! உன் காடு செவலாம்! படத்துல செவப்பாப் போட்டுருக்கான்! என் காடுதான் கரிசலாம்! வெள்ளிக்கெழமைக்கு இது ஒண்ணு போதும்!"

"அண்ணாச்சி, உங்க காடு நீலமால்லா இருக்கு" என்றேன் மெதுவாக.

"கருப்புக்கு நீலம் சொந்தந்தான். நீரு சும்ம இரும்."

கொத்துகிற சத்தம் நின்றது. அதுவரை எரிச்சலூட்டிய அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சநேரம் கேட்டால் என்ன என்று தோன்றியது.

முள்ளை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். ஐம்பதுக்கு மேல் வயது, பட்டியக்கல் மாதிரி நெஞ்சு. கையெல்லாம் முள் கிழித்த கோடுகள்; சில கோடுகளில் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. தம்பியை அவர் பார்க்கவே இல்லை. படத்தை வாங்கிப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நொடி என் சட்டைக் காலர் அவருடைய இடது கையிலும், அரிவாளின் வளைந்த மூக்கு என் காதுக்குக் கீழேயும் இருந்தன. இரும்பு வெயிலில் சுட்டது. அதில் ஒட்டியிருந்த முள்மரப் பிசின் கழுத்தில் பிசுபிசுத்தது.

"யாருவே நீரு? எவன்கிட்ட வாங்கித் தின்னுட்டு என் கரிசலச் செவலுன்னு எழுதுனீரு?"

மூன்று தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபம் பண்ணுகிற குடும்பம் எங்களுடையது. அந்த நேரத்தில் ஒரு ஜெபமாவது ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பதின்மூன்றாம் வாய்ப்பாடு வந்தது. அதுவும் பாதியில் நின்றது.

"செவல் இல்லண்ணாச்சி. செவப்பு. செவப்புன்னா பச்சைன்னு அர்த்தம்."

"என்னது?"

"பச்சையா இருந்தா செவப்பாத் தெரியும்."

அவர் இதைக் கொஞ்சநேரம் யோசித்தார். நியாயமான மனுஷர்தான். "அப்ப இந்த அருவாள இன்னும் கொஞ்சம் அமுக்குனா உமக்குப் பச்சையா வருமா?"

இதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதே அறிவு. ஆனால் நான் சொன்னேனே, எனக்கு வாயில் ஒரு வியாதி என்று. "ஒரே ஒரு ஆள வெட்டிப் பாத்து முடிவுக்கு வரக்கூடாதுண்ணாச்சி. நெறைய மாதிரி எடுத்துப் பாக்கணும்."

தம்பி வெடித்துச் சிரித்தார். அண்ணனின் பிடி இறுகியது. அந்தச் சமயம் பார்த்து என் சட்டைப்பையிலிருந்து, வழிகாட்டுகிற கைப்பேசி, அந்த அம்மாளின் நிதானமான குரலில் அறிவித்தது: "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது."

"யாருல அது?" என்று அண்ணன் துள்ளினார். துள்ளியது அவர், கீறுபட்டது என் கழுத்து. ஒரு முடிக்கயிறு கனத்துக்கு ரத்தம் காலருக்குள் இறங்கியது. பெரிய காயம் இல்லை, சவரக் கத்தி பட்டால் இதைவிட அதிகம் வரும். இருந்தாலும் நான் வெளியிட்ட ஒலியை ஒரு நடுவயது ஆணின் தொண்டையிலிருந்து அந்த ஊர் கேட்டிருக்காது. ஆட்டைக் கிடத்தும்போதுகூட ஆடு கொஞ்சம் கௌரவமாகக் கத்தும்.

"கலர மாத்திக் காட்டுதேன்! இப்பமே மாத்திக் காட்டுதேன்! பையில பெட்டி இருக்கு!"

வெயிலில் மடிக்கணினித் திரை தெரியாது. முள்மர நிழலில், தம்பி சம்மணம் போட்டு மடியில் வைத்துக்கொள்ள, நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் குந்தி, அண்ணனின் துண்டை மூன்று பேர் தலைக்கும் மேல் முக்காடாகப் போட்டுக்கொண்டோம். உள்ளே வியர்வையும் பீடியும் கலந்த நாற்றம். ஒருவரை ஒருவர் வெட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிற இரண்டு பேர், நடுவில் ஒரு பெட்டி, பக்கத்தில் நான். அரிவாள் அண்ணனின் முழங்காலுக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்தது. நான் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை அதிலும் வைத்திருந்தேன்.

நிற வரிசையை மாற்றினேன். சிவப்பு மறைந்து, கண்ணால் பார்க்கிற மாதிரியே பச்சை வந்தது. அண்ணன் வாய் பிளந்தார்.

"இத முதல்லயே செஞ்சு தொலைக்க வேண்டியதுதானவே?"

"அது எப்படி?" என்றார் தம்பி. "ஒரு தட்டுத் தட்டுனாரு, செவல் போயிட்டு. அப்ப நானும் கேக்கேன். இன்னொரு தட்டுத் தட்டி என் காட்டக் கரிசலாக்கும்."

"அது முடியாதுண்ணாச்சி."

"அண்ணன் உம்ம கழுத்தப் பிடிச்சா முடியுது, நான் மரியாதையாக் கேட்டா முடியலையோ? அண்ணே, அந்த அருவாளக் கொஞ்சம் இங்கிட்டுத் தா."

"ஏலே, சும்ம கெட" என்றார் அண்ணன். குரலில் கோபம் வடிந்திருந்தது. கரிசல் கரிசலாகவே இருக்கிறது என்பது அவருக்குப் போதும். தன் கிணற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். திரையில் அவர் விரலின் கறை ஒட்டியது.

எழுந்து போகிறவன் அப்போதே எழுந்து போயிருப்பான். ஆனால் கழுத்து தப்பிய சந்தோஷம் எனக்குத் தலைக்கேறிவிட்டது. இரண்டு பேர் என் தொழிலை வாய் பிளந்து பார்க்கிறார்கள். வீட்டில்கூட இப்படி யாரும் பார்த்ததில்லை. "இது என்ன அண்ணாச்சி, பழைய வருஷமெல்லாம் இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணா ஓட்டிக் காட்டுதேன், பாருங்க" என்றேன்.

ஓட்டினேன்.

முதல் படத்தில் கரிசல் ஒரே கருப்புத் துண்டாக, துவைத்துக் காயப்போட்ட போர்வை மாதிரி விரிந்திருந்தது. அடுத்ததில் வரப்போரம் ஒரு பச்சை நூல். அதற்கடுத்து நூல் கயிறானது. பிறகு ஒரு மூலை போயிற்று. பிறகு கிணற்றடி. பச்சை, புண்ணில் சீழ் பரவுவது போல உள்ளே உள்ளே போனது. ஒவ்வொரு படத்துக்கும் தம்பி ஏலம் விடுகிறவரைப் போலக் கூவினார்.

"மூலையில கொஞ்சம் போச்சு! ஆ, கெணத்தத் தின்னுட்டு! வண்டிப்பாதை போச்சு! அண்ணே, இந்த வருஷம் நீ எங்க இருந்த? டீக்கடையிலயா? எல்லாம் போச்சே, ஒரு கோவணம் அகலத்துக்காவது மிச்சம் வச்சிருக்கியா?"

நான் கடைசிப் படத்துக்கு வந்ததும், அண்ணன் என்னைப் பார்த்து அடங்கின குரலில் கேட்டார்.

"மக்காச்சோளம் போட்டேன்வே. படைப்புழு தின்னுச்சு. அது தெரியுதா இதுல?"

"புழு தெரியாதுண்ணாச்சி."

"மறு வருஷமும் போட்டேன். பன்னி வந்து ஒரே ராத்திரியில உழுது போட்டுட்டு. பன்னி தெரியுதா?"

"தெரியாது."

"முள்ளு மட்டும் தெரியுமாக்கும்?"

"அதுதான நீ ஆசையா வளத்தது!" என்றார் தம்பி. துண்டுக்குள் அவர் மூச்சு என் கன்னத்தில் அடித்தது. "எங்கப்பன் செத்ததுக்கு நான் கொள்ளி வச்சேன்னு ஊரு பேசுச்சு, மூத்தவன் இருக்கையில எளையவன் வச்சானேன்னு. இப்பத்தானே தெரியுது, நீ அவரு காட்டுக்குக் கருமாதி பண்ணிக்கிட்டிருந்திருக்க!"

துண்டு பறந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தது. அரிவாள் எப்போது மண்ணைவிட்டு எழுந்தது என்று நான் பார்க்கவில்லை, இறங்கியதைப் பார்த்தேன். தம்பி இடது கையைக் குறுக்கே நீட்டினார். ஈரவிறகைப் பிளக்கிற சத்தம். முன்கையின் சதை நீளமாக வாய் திறந்தது. ஒரு கணம் அதற்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அடுத்த கணம் ரத்தம் மூடிவிட்டது. திரையிலும் விசைகளிலும் என் முழங்காலிலும் சூடாகத் தெறித்தது. தம்பி கத்தவில்லை. "அடப்பாவி" என்று மட்டும், ஏதோ டம்ளரைத் தட்டிவிட்டதுபோல், ஆச்சரியமாகச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஓடினேன். பாதை இருந்தது, மொட்டைச் செவல் விரிந்து கிடந்தது, எந்தப் பக்கமும் ஓடலாம். நான் சீமைக்கருவேலத்துக்குள் ஓடினேன். பதினைந்து வருஷமாக எந்த மரத்தை வரைபடம் போட்டேனோ, அதற்குள்ளேயே முன்தலையைக் கொடுத்து, பின்பக்கத்தையும் கொடுத்து, சட்டை கிழிய மாட்டிக்கொண்டு நின்றேன். அசைந்தால் குத்தியது. அசையாவிட்டால் அரிவாள் வருமே என்று அசைந்தேன்.

பின்னால் யாரோ என் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அண்ணன்தான்.

"என்னைய விட்டுருங்கண்ணாச்சி! படத்த அழிச்சிருதேன்! செயற்கைக்கோளையும் வேணும்னா..."

"சாவி எங்கவே? வண்டிச் சாவி!" அவர் முகம் வெளுத்திருந்தது. "தம்பிக்கு ரத்தம் நிக்கல. வண்டிய எடும்!"

துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். அது அதற்குள் நனைந்து கனத்துத் தொங்கியது. நான் வண்டியை ஓட்ட, தம்பி நடுவில், அண்ணன் பின்னால் உட்கார்ந்து வெட்டுப்பட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிரே வந்த மினிபஸ்காரர்கள், நாங்கள் ஏதோ கட்சிக்கு ஓட்டுக் கேட்டு வருவதாக நினைத்திருப்பார்கள். கையிலிருந்து என் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது. வண்டி இரண்டு தடவை ஓரத்துப் புழுதியில் இறங்கி ஏறியது.

"ஒழுங்கா ஓட்டும்வே" என்றார் அண்ணன். "வெட்டுல சாகாதவன வண்டியில கொன்னுருவீரு போல."

"வெட்டுனவன் பேசுதான் பாரு" என்றார் தம்பி.

"நான் பெட்டியத்தாம்ல வெட்டுனேன். நீ எதுக்குக் கைய நீட்டுன?"

"பெட்டி என் மடியிலல்லா இருந்துச்சு! குறி தவறியிருந்தா என் வம்சமே போயிருக்கும்!"

"உனக்கு அது ஒரு கேடு. பேசாத. கைய மேல தூக்கு. மேல தூக்குல, மூதேவி!"

குருவிகுளம் தாண்டும்போது தம்பியின் பேச்சு குழறியது. தலை என் முதுகில் வந்து மோதியது. அண்ணன் அவர் கன்னத்தில் ஓங்கி ஓங்கி அறைந்தார். "ஏலே, தூங்காத! என்னையத் திட்டு! திட்டிக்கிட்டே வா!" ஒவ்வொரு அறைக்கும் தம்பி கண்ணைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். இரண்டு பேருக்கும் அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான் என்பது அவருக்கு மறந்துவிட்டிருந்தது. சங்கரன்கோவில் வந்து சேரும் வரை அறையும் வசவும் மாறி மாறி என் முதுகுக்குப் பின்னால் நடந்தன. வசவு நின்றுவிடக்கூடாதே என்று நானும் எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், தையல் போட்டார்கள். எலும்பு உடையவில்லை, விரல்கள் அசைகின்றன என்றார் டாக்டர். வெட்டுக்காயம் என்பதால் போலீசுக்குச் சொல்லியாயிற்று என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அண்ணன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் ஒரு கட்டில் கிடைத்தது, தம்பியின் பக்கத்திலேயே. நான் அதில் குப்புறப் படுத்திருந்தேன். கால்சட்டையைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு நர்ஸம்மா இடுக்கியோடு என் பின்பக்கத்திலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்து நடந்ததையெல்லாம் இந்த நிலையிலிருந்துதான் கேட்டேன். ஆகவே யாருடைய முகம் எப்படி மாறியது என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை.

"பேரச் சொல்லிட்டேன்னா நீ நேரா பாளையங்கோட்டை ஜெயில்தான்" என்றது தம்பியின் குரல், பலவீனமாக, ஆனால் மிகத் தெளிவாக. "பாதிக் கரிசல எழுதித் தாரியா, இல்ல சொல்லட்டுமா?"

"சொல்லு" என்றார் அண்ணன். "ஒரு பிடி மண்ணு தரமாட்டேன். சொல்லிக்கோ."

"சொல்லுவேன்."

"சொல்லுல."

பூட்ஸ் சத்தம் வந்தது. ஏட்டையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாருப்பா வெட்டுனது?"

ஒரு மனுஷனின் மிச்ச ஆயுள் அந்தப் பதிலில் தொங்கியது. நர்ஸம்மா, "இறுக்காதீங்க, முள்ளு வரமாட்டேங்கு" என்றார்.

"இந்தா படுத்திருக்காரே," என்றார் தம்பி, "இவருதான்."

நான் எழ முயன்றேன். கால்சட்டை கீழே போயிற்று. திரும்பவும் படுத்தேன். "சார்! சத்தியமா சார்! எனக்கு வெங்காயம் வெட்டினாலே கண்ணுல..."

ஏட்டையா எழுந்து வந்து என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "இவரா? ஏம்ப்பா, பொய் சொல்லுததுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" வழக்கு இல்லாமல் போனதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு ஆளை வெட்டக்கூடியவன் என்று ஒரு நிமிஷமாவது என்னைச் சந்தேகித்துப் பார்த்திருக்கலாம் என்றுதான் பட்டது.

"வேடிக்கைக்குச் சொன்னேன் சார்" என்றார் தம்பி. "முள்ளு வெட்டிக்கிட்டிருந்தேன். அருவா தவறிட்டு."

"யாரு முள்ளு?"

"எங்க அண்ணன் காட்டு முள்ளு."

"உனக்கும் அவனுக்கும் ஆகாதுன்னுல்லா கேள்விப்பட்டேன். அவன் காட்டு முள்ள நீ எதுக்கு வெட்டுத?"

"பாதிக் காடு எனக்கு வரப்போகுதுல்லா சார். அதான் என் பாதிய வெட்டிச் சுத்தம் பண்ணினேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. ஏட்டையா அண்ணன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "அப்படியாய்யா? பாதி அவனுக்கா?"

நர்ஸம்மாவின் இடுக்கியும் அந்தரத்தில் நின்றது. எதிர்க் கட்டில் நோயாளி இருமலை அடக்கிக்கொண்டார். அண்ணனின் மூச்சு மட்டும் மேலும் கீழும் போய்வருவது, ஓடி வந்த மாட்டின் மூச்சு போல, எனக்குக் கேட்டது.

"ஆமா" என்றார் கடைசியில். அந்தச் சொல்லைப் பல்லோடு பிடுங்கியது போல இருந்தது. "பாதி அவனுக்குத்தான்."

"வாய்த்தகராறு, கைத்தகராறு எதுவும் இல்லையே?"

"இல்ல." பிறகு, அடக்க முடியாமல், "ஆனா கெணறு இருக்கிற பாதி எனக்கு."

"சார்," என்றது தம்பியின் குரல் உடனே, "கை விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. இன்னும் ஒண்ணு ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு..."

"கெணறு பொது!" என்று கத்தினார் அண்ணன். "பொது சார்! எழுதிக்கிடுங்க!"

"அருவா தவறிட்டுன்னு மட்டுந்தான்யா நான் எழுதுவேன். கெணறெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்லுத?" என்று ஏட்டையா எழுந்தார்.

பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டியதும், யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அண்ணனா தம்பியா என்று பார்க்கலாம் என்று தலையைத் திருப்பினேன்.

"அசையாதீங்க சார்" என்றார் நர்ஸம்மா. "உள்ள இன்னும் ஒண்ணு முறிஞ்சு கெடக்கு."